அக்காவின் இடுப்பும் மயக்கம்மாவின் பேச்சும்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். "மயக்க டாக்டரம்மா" என்று நோயாளிகள் ஆரம்பித்து வைத்தார்கள். அது வாய்க்கு நீளமாக இருந்ததால் வார்டில் வேலை செய்கிறவர்கள் வெட்டிச் சுருக்கி மயக்கம்மா ஆக்கினார்கள். கொஞ்ச காலம் அவள் முதுகுக்குப் பின்னால் மட்டும் புழங்கிக்கொண்டிருந்த பெயர் அது. ஒருநாள் அவளே போனை எடுத்து, "மயக்கம்மா பேசுறேன், சொல்லுங்க" என்றாள். அன்றோடு ஒளிவுமறைவு தீர்ந்தது.

பெயருக்கும் ஆளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. மயக்குவதில் அவளுக்கு அப்படியொன்றும் ஆசை கிடையாது, அதுவும் வயதானவர்களை. இடுப்பு, முழங்கால் மாதிரி அறுவைகளுக்கு முதுகுத்தண்டில் ஒரு ஊசி போட்டால் போதும். கால் இரண்டும் மரத்துப்போகும், வலி தெரியாது. ஆனால் ஆள் முழித்திருப்பார். ரம்பம் ஓடுவது கேட்கும், சுத்தியல் அடிப்பது கேட்கும், கத்தி பிடித்திருப்பவர் மகளுடைய பள்ளிக்கூடத்தைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வதும் கேட்கும். அதனால் பல இடங்களில் முதுகு ஊசியோடு கையோடு கையாக, நரம்பு வழியே கொஞ்சம் தூக்க மருந்தையும் ஏற்றிவிடுவார்கள். நோயாளி கண்ணயர்ந்துவிடுவார், எல்லாருக்கும் நிம்மதி.

அந்த நிம்மதியில் மயக்கம்மாவுக்கு முழு நம்பிக்கை வந்ததில்லை. வயதானவர் உடம்பில் தூக்க மருந்து என்பது இரண்டு நாள் தங்க வந்த உறவுக்காரர் மாதிரி. நாம் நினைத்த நேரத்தில் கிளம்பாது. அவள் ஒரு கணக்கு வாத்தியாரைப் பார்த்திருக்கிறாள். முழங்கால் அறுவை பிரமாதமாக முடிந்தது. மறுநாள் காலையில் மனிதர் பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்து, "நீங்க எந்தப் பையனோட அம்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். ஒரு வாரத்தில் சரியாகும் என்றார்கள். மாதக்கணக்கில் இழுத்தது. பிறகு ஆள் தேறினார், கணக்கு மட்டும் பழையபடி வரவில்லை. அந்த மருந்துதான் காரணம் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. வயது, வலி, புது இடம், தூக்கம் கெட்டது என்று எல்லாம் சேர்ந்துதான் புத்தியைக் குழப்பும். இதெல்லாம் அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்த அம்மாள் பதில் சொல்லத் தெரியாமல் நின்ற நிலை அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

மருந்தே கூடாது என்கிற கட்சி அல்ல அவள். நடுங்குகிறவருக்கும், படுக்க முடியாமல் தவிக்கிறவருக்கும் கொடுப்பாள், கொஞ்சமாக, பார்த்துப் பார்த்து. மற்றவர்களுக்கு அவளுடைய மருந்து வேறு. தலைமாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவாள். லாரி ஓட்டுநரிடம் எந்த மலைப்பாதையில் எந்த கியர் என்று கேட்பாள். தையல்காரரிடம் காலர் வெட்டுவது எப்படி என்று கேட்பாள். இப்படியே முப்பது வருஷம் கேட்டதில், செய்யத் தெரியாத தொழில்களைப் பற்றியெல்லாம் அவளுக்கு நன்றாகப் பேசத் தெரியும். அந்தப் பக்கம் இடுப்பெலும்பைப் பிளந்து வைத்துக்கொண்டு நிற்கிற எலும்பு டாக்டருக்கு, சுத்தியல் டாக்டர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும், இது எரிச்சலாக இருக்கும்.

"மேடம், நான் இங்க ஆபரேஷன் பண்றேனா, இல்ல உங்க அரட்டைக்குக் காவல் நிக்கறேனா?" என்பார்.

"ரெண்டும்தான் டாக்டர். கையை ஓட்டுங்க, காதை நாங்க பார்த்துக்கறோம்" என்பாள் மயக்கம்மா.

ஊராரிடம் இவ்வளவு பேசுகிறவள் சொந்த அக்காவிடம் என்ன பேசினாள் என்று கேட்டால் வெட்கக்கேடுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு போன். "சாப்டியா? மாத்திரை போட்டியா? சரி, வெச்சிடறேன்." அவ்வளவுதான். சண்டை ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் வாயைத் தேய்த்துவிட்டு வந்தபின் வீட்டு ஆட்களுக்கு மிச்சம் எதுவும் இருப்பதில்லை, அதுதான் விஷயம்.

அக்காவோ பேச்சையே தொழிலாகப் பார்த்தவள், மற்றவர்களுடைய பேச்சை. அவர்கள் பிறந்த ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். காதில் ஹெட்போனும் கையில் லைனை இணைக்கிற கம்பியுமாக உட்கார்ந்து, யாரை யாரோடு கோக்க வேண்டுமோ கோத்துவிட்டாள். ஊரில் யாருக்கு யார் மேல் ஆசை, எந்தக் கல்யாணம் எதனால் நின்றது, எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். ஆனால் வாயைத் திறந்ததில்லை. காதில் விழுந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் சட்டம். அத்தானிடம் கூட அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "உங்க அக்காவைக் கட்டிக்கிட்டதுக்குப் பதிலா ஒரு இரும்புப் பெட்டியைக் கட்டியிருக்கலாம்" என்று அந்த மனிதர் இருந்தவரை சொல்லிச் சிரிப்பார்.

அத்தான் போனபிறகு அக்கா தனியாகத்தான் இருந்தாள். மகன் வேறு ஊரில். வா வா என்று அவன் கூப்பிட்டும் போகவில்லை. தன் வீடு, தன் சாவி, தன் கட்டில் என்று இருந்தாள். ஊரில் பாதிப் பேருடைய பழைய போன் நம்பர்கள் அவளுக்கு இன்னும் மனப்பாடம். அந்த நம்பர்களில் இப்போது யாரும் இல்லை என்பது வேறு விஷயம். பரண் மேலிருந்த பெட்டியை எடுக்க நாற்காலியில் ஏறினாள். நாற்காலி ஒரு பக்கம் போக, அக்கா மறுபக்கம் போனாள். இடுப்பெலும்பு முறிந்தது.

மயக்கம்மா அவளைத் தன் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து சேர்த்தாள். எலும்பைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. சுத்தியல் டாக்டருக்கு வாய் கொஞ்சம் கடுப்பு, கை தங்கம். அவள் பயம் வேறு. அக்காவுக்கு அந்த வீட்டில் தனியாக இருக்கத் தெம்பு கொடுத்ததே தெளிவான மண்டைதான். அது கலங்கிவிட்டால் சாவியை வாங்கி வைத்துவிடுவார்கள். எலும்பு ஒட்டினாலும் அக்கா வீடு திரும்ப மாட்டாள். அந்த வாத்தியாருடைய மனைவி நின்ற இடத்தில் இந்தத் தடவை மயக்கம்மா நிற்கவேண்டி வரும்.

முந்தின நாள் சாயங்காலம் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுத்தியல் வெச்சு அடிப்பாங்களாமே. பக்கத்து பெட் அம்மா சொன்னாங்க. எனக்கு எதுவும் கேட்கக் கூடாதுடி. கேட்டுக் கேட்டே ஓய்ஞ்ச காது இது. தூங்க வெச்சிடு."

"லேசா தூங்க வெப்பாங்க. நான் பக்கத்துலதான் இருப்பேன்."

"நீ போடலையா?"

"சொந்தக்காரங்களுக்கு நாங்க போடறதில்லை. கை நடுங்கும்."

அக்கா பக்கத்து பெட்டை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்: "அந்தத் தூக்கத்துல உளறுவேனா?"

மயக்கம்மா சிரித்துவிட்டாள். "உளறினாத்தான் என்ன? உன்கிட்ட என்ன ரகசியம் இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணும் இல்லை. காதுல விழுந்தது நிறைய இருக்கு" என்றாள் அக்கா. அவள் சிரிக்கவில்லை.

மயக்க மருந்து கொடுக்க ஒப்புக்கொண்டவன் மயக்கம்மாவுக்குக் கீழே வேலை பார்க்கிற இளம் டாக்டர். எந்த மருந்தாக இருந்தாலும் அளந்து ஏற்றுகிற பம்ப்பில் வைத்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும், அதனால் அவனுக்குப் பெயர் பம்ப்புத் தம்பி. கெட்டிக்காரன், பொறுமைசாலி. அவன் சொன்ன மருந்து, பழைய தூக்க ஊசிகள் மாதிரி ஆளை அடித்துப் போடுகிற ரகம் அல்ல. கூப்பிட்டால் கண் திறப்பார்கள், கேட்டால் பதில் சொல்வார்கள், சும்மா விட்டால் மறுபடி தூங்கிப்போவார்கள். முதுகு ஊசியின் மரப்பும் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். பிற்பாடு வருகிற குழப்பம் இதில் குறைவு என்று சொல்கிறவர்களும் உண்டு. ஒரே ஒரு கெட்ட குணம், நாடித்துடிப்பையும் பிரஷரையும் இழுத்துக் கீழே இறக்கிவிடும். பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"ரொம்ப லேசா ஓட்டறேன் மேடம். நீங்க கவலையே படாதீங்க. நாளைக்கு நீங்க டாக்டர் இல்ல, தங்கச்சி மட்டும்தான்" என்றான் அவன்.

நல்ல வார்த்தைதான். அந்த நல்ல வார்த்தைதான் காலை வாரியது.

மறுநாள் காலையில் அக்காவைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, முதுகில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் சொன்னாள்: "காலுக்கு வெந்நீர் ஊத்தின மாதிரி இருக்குடி." இன்னும் கொஞ்ச நேரத்தில், "இப்ப காலே காணோம். இருக்கா, எடுத்துட்டாங்களா?"

"இருக்கு, இருக்கு. பத்திரமா வெச்சிருக்கோம்."

முகத்துக்கு ஆக்ஸிஜன் மாஸ்க் வைத்தார்கள். குறுக்கே பச்சைத் துணித் திரை கட்டினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் சுத்தியல் டாக்டர், இந்தப் பக்கம் பம்ப்பும் தம்பியும். தலைமாட்டில் வழக்கமான ஸ்டூல். அதில் மயக்கம்மா மானிட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் இன்றைக்குத் தங்கச்சி மட்டும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பிடிவாதமாகத்தான் அப்படி உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவள் மானிட்டரைப் பார்க்காமல் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு வார்த்தை பேசிவிட்டு அக்காவைத் தூங்க விட வேண்டும் என்றுதான் வந்தாள். ஆனால் முதல் சுத்தியல் அடி விழுந்ததும் அக்காவின் புருவம் சுருங்கியது. அதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போய் வேலியில் விழுந்ததைச் சொன்னாள். அக்கா மாஸ்க்குக்குள் சிரித்தாள். அப்பாவைப் பற்றிச் சொன்னாள். தூறல் போட்டாலே "இன்னைக்கு ஸ்கூல் வேணாம், படுத்துக்கோ" என்கிற அப்பா. "பரீட்சை பயமா இருக்கு" என்றால் "அப்ப எழுதாதே" என்கிற அப்பா.

"அப்பா இருந்தா... இந்த ஆபரேஷனையும்... வேணாம்னு சொல்லியிருப்பார்" என்றாள் அக்கா. நாக்கு குழறியது, ஆனால் பதில் பளிச்சென்று வந்தது.

இங்கேதான் வினை பிடித்தது. இரண்டு கெட்டிக்காரர்கள் ஒரே ஆளுக்கு இரண்டு வைத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி பேசித் தூக்கத்தைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தாள். அவள் பேசப் பேச அக்கா கண்ணைத் திறந்தாள். அதைப் பார்த்த தம்பி, மருந்து போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அக்கா இன்னும் முழிச்சிட்டா இருக்காங்க? தூங்க வைக்கறதாத்தானே பேச்சு?" என்று சுத்தியல் டாக்டர் வேறு கேட்டார். தம்பி பம்ப்பைக் கொஞ்சம் ஏற்றினான். அக்கா மறுபடி பதில் சொன்னாள். இன்னும் கொஞ்சம் ஏற்றினான். பேச்சு இல்லாத இடத்தில் அந்த அளவுக்கு அக்கா எப்போதோ ஆழத்துக்குப் போயிருப்பாள். பேச்சு அவளைப் பிடித்து மேலே நிறுத்தியிருந்தது. இது அவனுக்கும் தெரியவில்லை, மானிட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தவளுக்கும் தெரியவில்லை.

மயக்கம்மா பேசிக்கொண்டே போனாள். யாரிடமும் சொல்லாத ஒன்றுக்கு வந்திருந்தாள்.

"உனக்குத் தெரியாதுக்கா. காலேஜ்ல முதல் வருஷம். பிணம் அறுக்கற ரூம் வாடை என் தலைமுடியிலயே இருக்கற மாதிரி இருக்கும். சாப்பிட முடியலை. பரீட்சையிலயும் போயிடுச்சு. ஒருநாள் சாயங்காலம் துணியெல்லாம் பெட்டியில போட்டுட்டேன். ஹாஸ்டல் போன்லேருந்து வீட்டுக்கு டிரங்க் கால் புக் பண்ணினேன், அப்பல்லாம் வெளியூருக்கு ஆபரேட்டர் மூலமாத்தானே. அப்பாகிட்ட 'வந்துடறேன்ப்பா'ன்னு சொல்லணும், அவ்வளவுதான். அவர் என்ன சொல்லியிருப்பார்? 'உடனே கிளம்பி வாம்மா'ன்னு சொல்லியிருப்பார். பஸ் ஏறியிருப்பேன். ஆனா லைனே கிடைக்கலை. 'உங்க ஊர் லைன் டவுன், காலைல முயற்சி பண்ணுங்க'ன்னு காலேஜ் ஊர் ஆபரேட்டர் சொல்லிட்டா. அழுதுட்டே தூங்கிட்டேன். அன்னைக்கு மட்டும் லைன் கிடைச்சிருந்தா, இன்னைக்கு நான் உன் தலைமாட்டில..."

அக்காவின் நரைத்த முடியை நெற்றியிலிருந்து ஒதுக்கிவிட்டபடி அப்படியே நிறுத்திவிட்டாள்.

அறையில் சுத்தியலும் ஓய்ந்திருந்த நேரம் அது. மானிட்டரின் சத்தம் மட்டும் கேட்டது. நாடி ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தங்களுக்கு நடுவே இருந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது. தங்கச்சிக்கு அது கேட்கவில்லை. டாக்டருக்குக் கேட்டது. திரும்பினாள். நாடி விறுவிறுவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் தாடை தொங்கியிருந்தது. ஒரு குறட்டை வந்தது, அடுத்த மூச்சு வரவில்லை.

"பம்ப்பை நிறுத்துங்க!"

தம்பியின் கை அதற்குள் பம்ப்பில் இருந்தது. அவள் தாடையைத் தூக்கிப் பிடித்தாள். நாடியை ஏற்றுகிற ஊசியைத் தம்பி நரம்பில் போட்டான். திரைக்கு அந்தப் பக்கம் சுத்தியல் டாக்டர் எதையும் கேட்காமல் கையை எடுத்துவிட்டு நின்றார். மயக்கம்மா அக்காவின் தோளைத் தட்டினாள்.

"அக்கா! அக்கா, மூச்சை இழு! அக்கா, கேக்குதா? லைன்ல இருக்கியா?"

எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று அவளுக்கே தெரியாது. அக்கா ஒரு மூச்சை இழுத்தாள், ஓசையோடு. இன்னொன்று. நாடிச் சத்தம் நெருங்கி நெருங்கி வந்து வழக்கத்துக்குத் திரும்பியது. இமை அசைந்தது. உதடும் அசைந்தது, சொல் எதுவும் வரவில்லை.

எல்லாம் ஒரு டீ ஆறுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மீதி அறுவை பம்ப் இல்லாமலே நடந்தது. மயக்கம்மா ஸ்டூலைத் திருப்பிப் போட்டு மானிட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள், கை மட்டும் அக்காவின் நெற்றியில் இருந்தது.

வெளியே வந்ததும் தம்பி முகம் செத்துப்போயிருந்தது. "நீங்க பேசப் பேச அவங்க முழிச்சிட்டே இருந்தாங்க மேடம். பத்தலைன்னு நினைச்சுட்டேன்."

"நான் பேசினதே அவளை எழுப்பிட்டு இருந்திருக்கு. நிறுத்தினதும் உங்க மருந்து மொத்தமா ஜெயிச்சுடுச்சு" என்றாள் மயக்கம்மா. "ஏத்தறேன்னு நீங்க சொல்லலை. நிறுத்தறேன்னு நான் சொல்லலை. தப்புல ஆளுக்குப் பாதி. வேற யார் தலைமாட்டிலயாவது இருந்திருந்தா நான் பம்ப்பைப் பார்த்திருப்பேன்."

அன்றிலிருந்து அந்த அறையில் ஒரு வழக்கம் வந்தது. தலைமாட்டில் பேசுகிறவர் பேச்சை விடுவதற்கு முன்னால், "நிறுத்தறேன்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பம்ப்பைத் தொடுகிறவர் "ஏத்தறேன்" என்று சொல்ல வேண்டும். சுத்தியல் டாக்டர், "இனிமே நானும் 'அடிக்கறேன்'னு சொல்லணுமா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை என்றதும் அவரும் சொல்ல ஆரம்பித்தார்.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அன்று சாயங்காலம் மயக்கம்மா வார்டில் அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். வயதானவர்களுக்குப் புத்தி கலங்காமல் இருக்க என்னென்ன செய்வாளோ அத்தனையும் செய்திருந்தாள். கண்ணாடியைப் போட்டுவிட்டாள். ஜன்னல் திரையை விலக்கி, வெளிச்சம் வர விட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அக்காவின் பார்வை சுவரில் இருந்த ஸ்விட்ச் போர்டில் போய் நின்றது. வலது கை மெல்ல எழுந்தது. எதையோ பிடுங்குவது மாதிரி விரல்கள் குவிந்தன.

"லைன் டவுன்" என்றாள் அக்கா.

மயக்கம்மா அவள் பக்கம் குனிந்தாள். "என்னக்கா?"

"லைன் டவுன். காலைல... முயற்சி பண்ணுங்க."

"அக்கா, இது எந்த இடம் சொல்லு? நான் யாரு?"

அக்கா அவளை உற்றுப் பார்த்தாள். ஏதோ சொல்ல நினைத்து, வாய்க்குள் சொல்லைத் தேடி, கிடைக்காமல் அலுத்துப்போனாள். "லைன் டவுன்னு... சொன்னேன்ல" என்று முனகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மயக்கம்மா டார்ச் அடித்து அவள் கண்மணியைப் பார்த்தாள். கையை அழுத்தச் சொன்னாள், அக்கா அழுத்தினாள். காலை ஆட்டச் சொன்னாள். மரப்பு விட்டுக் கட்டைவிரல் அசைந்தது. உடம்பில் ஒரு குறையும் இல்லை. குறை வேறு இடத்தில் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். அக்கா மனசில் எக்ஸ்சேஞ்சுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள், அவளை எந்தக் கம்பியைப் போட்டு இங்கே இழுப்பது? மகனுக்குப் போன் செய்து, "ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது" என்று சொன்னாள். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்குப் போன பிறகு, உண்மையைச் சொன்னால், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

காலையில் வார்டுக்குள் நுழையும்போதே அக்காவின் குரல் கேட்டது.

"இது டீயா, டீ குடிச்ச டம்ளரைக் கழுவின தண்ணியா?"

டீ கொண்டுவந்தவர் திருதிருவென்று விழித்தார். அக்கா தலையணையில் சாய்ந்து, கண்ணாடி போட்டு, தலையைக் கூட வாரியிருந்தாள். மயக்கம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"இது எந்த இடம் அக்கா?"

"உன் ஆஸ்பத்திரி."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன். என்னடி, இன்டர்வியூவா?"

"உனக்கு என்ன ஆச்சு?"

"நாற்காலி வாரிவிட்டுச்சு. இடுப்புல இரும்பு வெச்சிருக்கீங்க. வேற?" அக்கா டம்ளரைத் தள்ளி வைத்தாள். "நேத்து கதையைப் பாதில விட்டுட்டே. லைன் கிடைச்சிருந்தா நீ என் தலைமாட்டில இருந்திருக்க மாட்டேன்னுதானே சொல்ல வந்தே?"

மயக்கம்மாவுக்கு உச்சியில் இருந்த பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. அறுவை மேஜையில் கேட்டது, நிறுத்தின இடம் உட்பட, அப்படியே இருக்கிறது. வாத்தியார் வீட்டுக் கதை இல்லை இது. அக்காவின் சாவி அக்காவிடமே இருக்கும். "எல்லாம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"ஏன் இருக்காது? பதில் சொல்லணும்னு நேத்தே பார்த்தேன். உங்க மருந்து நாக்கைக் கட்டிப்போட்டுடுச்சு. சாயங்காலமும் சொல்லிப் பார்த்தேன். நீ என்னடான்னா கண்ணுல டார்ச் அடிக்கறே."

"லைன் டவுன், லைன் டவுன்னு சொன்னியே, அதுவா?"

"அதேதான்." அக்கா பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள், அந்த அம்மாள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இருந்தாலும் அக்கா குரலைத் தணித்துக்கொண்டாள். "மயக்கத்துல உளறிடுவேனோன்னு பயந்தேன். உளறலை. அதனால இப்ப சுயநினைவோடவே சொல்றேன். அன்னைக்கு லைன் நல்லாத்தான்டி இருந்துச்சு."

"எந்த லைன்க்கா?"

"நம்ம ஊர் லைன். அன்னைக்கு டியூட்டி நான்தான். உன் காலேஜ் ஊர் ஆபரேட்டர் நம்பரைச் சொன்னப்பவே தெரியும், நம்ம வீட்டு நம்பர். நீ ஞாயித்துக்கிழமை தவிர பண்ண மாட்டே. அன்னைக்கு ஞாயிறு இல்லை. பார்ட்டி, அதான் போன் பண்றவங்க, லைன்ல காத்திருக்காங்கன்னு சொன்னா அவ. பின்னால நீ மூக்கை உறிஞ்சறது கேட்டுச்சு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? அப்பாவுக்குக் குடுத்தா 'கிளம்பி வா'ன்னுதான் சொல்லுவார். கம்பி கையில இருக்கு. கோக்கலை. லைன் டவுன்னு சொல்லிட்டேன். அந்த வேலையில நான் சொன்ன ஒரே பொய்."

மயக்கம்மா கட்டிலில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"மறுநாள் காலைல உன் கால் வரும்னு உட்கார்ந்திருந்தேன். வந்தா இந்தத் தடவை குடுத்துடணும்னு இருந்தேன். டியூட்டி முடிஞ்சும் எழுந்திருக்கலை. அடுத்தவ வந்து 'எழுந்து போ'ன்னு சண்டை போட்டா. உன் கால் வரவே இல்லை."

"காலைல எனக்குப் பசிச்சுதுக்கா. சாப்பிடப் போனேன். அப்படியே கிளாசுக்கும் போயிட்டேன்." பிறகு மெல்லக் கேட்டாள்: "இத்தனை வருஷம் ஏன்க்கா சொல்லலை?"

"காதுல விழுந்ததை வெளியே சொல்லக் கூடாது."

"என்கிட்ட கூடவா?"

"நீயும் ஒரு பார்ட்டிதானே."

தலைமாட்டில் உட்கார்ந்து ஊர்ப்பட்ட பேரைப் பேசியே கரையேற்றியவள், அக்காவின் போர்வை ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கண் நிறைந்துவிட்டது. கைக்குட்டை கோட்டுப் பையில் இல்லை. மூக்கை உறிஞ்சினாள்.

"ம்" என்றாள் அக்கா. "இதே சத்தம்தான்."